மூணாந்தடவ கேக்காத ஊரு

பால் வேண்டாமா? சரி, மூடி வெக்கறேன், ஆறட்டும். தள்ளிப் படு அம்மிணி. காலத் தூக்கி எம்மேல போடாத, ஏற்கெனவே ஒரே வேக்காடு. உங்கப்பனும் சின்னதுல இப்படித்தான் போடுவான், என்ற இடுப்பே போச்சு. கதை கேக்கறவங்க "ம்" கொட்டோணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், தெரியுமில்ல?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். ஊருன்னா நம்ம பக்கத்து ஊரு இல்ல. ஏரோப்ளேன்ல ஏறி, எறங்கி, இன்னொண்ணுல ஏறி, தூங்கி எந்திரிச்சு, மறுக்காத் தூங்கி எந்திரிச்சாத்தான் வரும். பின்லாந்துன்னு நாடு. ஊரு பேரு துர்க்கு.

"துர்க்கை அம்மனா அத்தை?"

அந்தம்மா அந்தக் குளிர்ல நிப்பாளா? சிங்கத்துக்குக் கம்பளி போத்தியே ஓஞ்சு போயிருவா. இது வேற. அந்த ஆறு நம்ம பவானியாட்டக் கூச்சல் போட்டுட்டு ஓடாது. தூங்கற புள்ளைய எழுப்பிரக்கூடாதுன்னு நடக்கற மாதிரி, மெல்லமாப் போகும், ஊருக்கு நட்ட நடுவுல. ரெண்டு கரையிலயும் மரம். கரையோரமாப் பெரிய பெரிய படகுகளக் கட்டிப்போட்டு, அதுக்குள்ளயே ஓட்டல் வெச்சிருப்பாங்க.

அந்த ஊரு பூராப் படிக்கிற புள்ளைங்க. ஆத்தங்கரை மேலயே சைக்கிள்ல போவாங்க, கிணிங் கிணிங், கிணிங் கிணிங். எந்தெந்த நாட்டுல இருந்தோ வந்து படிக்கும். வெயக்காலம் வந்தா பொட்டியக் கட்டிட்டுப் போயிரும். அப்புறம் வேற புள்ளைங்க வரும். ஆத்துத் தண்ணியும் அப்படி, புள்ளைங்களும் அப்படி, ஒண்ணும் நிக்காது. அந்த ஆத்துக்குக் குறுக்க ஒரு குட்டிப் படகு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பொழுதன்னைக்கும் போகும் வரும். டுடுடுடு... போகும். டுடுடுடு... வரும். காசு கிடையாது.

"காசே இல்லையா?"

காசே இல்ல. உங்கப்பன் ஏறுனா எறங்கவே மாட்டான்.

அந்த ஊருக்கு நம்ம கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு ஒரு வருசம் படிக்கப் போனா. பேரு பூங்கோதை. கோதை, கோதைன்னு கூப்புடுவாங்க. படிப்புல கெட்டி. ஆனா கூச்சம்னா கூச்சம், ஒறம்பரை, விருந்தாளின்னு யாரு வந்தாலும் கதவுக்குப் பின்னால போயி நிக்கிற கூச்சம். ஏரோப்ளேன் ஏத்திவிடறப்ப அவங்கம்மா கையப் புடிச்சுச் சொன்னாங்க.

"கோதை, போற எடத்துல நாலு பேரு கூப்புடுவாங்க, ஏதாச்சும் குடுப்பாங்க. கேட்டவொடனே சரின்னு போயி உக்காந்துராத. மொதத் தடவ 'வேண்டாங்க'ன்னு சொல்லோணும். ரெண்டாந்தடவ 'இருக்கட்டுங்க'ன்னு சொல்லோணும். மூணாந்தடவயும் கேட்டாங்கன்னா அப்பத்தான் மனசாரக் கேக்கறாங்க. அப்ப வாங்கிக்கோ. இல்லீன்னா, காணாததக் கண்ட புள்ளைம்பாங்க."

நம்மூர்ல அது சரிதானே? "காப்பி குடிங்க"ன்னா "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்"ங்கறோம். "அட, ஒரு வாய் குடிங்க"ன்னா "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்"ங்கறோம். "ஊத்தியாச்சு, புடிங்க"ன்னா வாங்கிக் குடிச்சுப்போட்டு, "சக்கரை கொஞ்சம் தூக்கலா இருந்திருக்கலாம்"னு சொல்லிட்டு வர்றோம். உங்கப்பன் பொண்ணு பாக்கப் போனப்ப அதத்தானே பண்ணுனான்!

"ம்... அப்புறம்?"

அப்புறம், கோதைக்கு ஆத்தங்கரையில ஒரு பழைய வீட்டு மாடில ரூம். அங்க ரெண்டு ரூம், நடுவுல ஒரே அடுப்படி. இந்தப் பக்கம் ரூம்ல கோதை. அந்தப் பக்கம் ரூம்ல ஹில்லா.

"ஹில்லான்னா?"

அந்த நாட்டுப் பொண்ணு. ஹில்லாங்கறது அங்க வடக்க காட்டுச் சதுப்புல காய்க்கிற ஒரு பழம், பொன்னுக் கலர்ல இருக்குமாம். அதத்தான் பேரா வெச்சாங்க. அவ வீடு இன்னும் வடக்க, நெம்ப தூரம், காட்டுக்குள்ள. அவளும் ஒரு வருசப் படிப்புக்குத்தான் வந்தா, அவளுக்கும் அந்த ஊரு புதுசு. கோதை கதவுக்குப் பின்னால நிக்கிறவன்னா, ஹில்லா கதவே தொறக்காதவ. அவ ரயில் ஏறறப்ப அவங்கம்மாவும் ஒண்ணு சொல்லித்தான் அனுப்புனாங்க.

"ஹில்லா, யாரையும் நச்சரிக்காத. எதானாலும் ஒரு தடவ கேளு. வேண்டாம்னா விட்டுரு. மறுக்காக் கேட்டா, அவங்க சொன்ன சொல்ல நீ நம்பலைன்னு ஆயிரும். அது மரியாதை இல்ல."

அங்க அது சரி. அந்த ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கு மேல ஒரு பேச்சு இல்ல.

இந்தம்மாவும் தப்பாச் சொல்லல. அந்தம்மாவும் தப்பாச் சொல்லல. புள்ளைங்க ரெண்டும் தாய் சொல்லத் தட்டாத புள்ளைங்க. அங்கதான் சனி புடிச்சுது.

"சனின்னா?"

நீ இப்பத் தூங்காம என்னையப் போட்டுப் படுத்தறயில்ல, அது. கேளு.

ரெண்டு பேருக்கும் ஆசை ஒண்ணே ஒண்ணு. பேசிச் சிரிக்க ஒரு சிநேகிதி வேணும். அவ்வளவுதான். தங்கம் கேக்கல, வைரம் கேக்கல. கோதை செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்துட்டு, "அந்தப் புள்ள நம்மகூடப் பேசுனா எப்படி இருக்கும்"னு நெனப்பா. அதே செவுத்துக்கு அந்தப் பக்கம் ஹில்லாவும் அதையேதான் நெனப்பா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

கதை சொல்றவளுக்குச் செவுத்துக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

அப்போ எலை உதிர்ற காலம். ஆத்தங்கரை மரமெல்லாம் மஞ்சளாச்சு. சரசர, சரசரன்னு எலை கொட்டுது. தண்ணி மேல மஞ்ச எலை மெதந்து மெதந்து போகுது, சாமி ஊர்வலம் போன தெருவாட்ட. ஒரு நாளு பொழுதோட, வெளக்கு வெக்கிற நேரத்துல, ஹில்லா அடுப்படியில பன்னு சுட்டா. பட்டையும் ஏலக்காயும் போட்டுச் சுருட்டிச் சுருட்டி வெக்கிற பன்னு. வாசம்னா வாசம்! கோதை ரூம்ல உக்காந்திருக்கா, மூக்கு மட்டும் அடுப்படியில இருக்குது. தண்ணி குடிக்கிற சாக்குல எந்திரிச்சு வந்தா.

ஹில்லா தட்ட நீட்டுனா. "சாப்புடுறியா?" அவங்க இங்கிலீசுல பேசுவாங்க, நான் நம்ம பேச்சுல சொல்றேன்.

கோதைக்கு வாயெல்லாம் எச்சி. ஆனா அம்மா சொல்லியிருக்காங்களே. "வேண்டாம், இப்பத்தான் சாப்புட்டேன்"னா. சாப்புடவே இல்ல. வயிறு கொர்ர்ர்னு காட்டிக் குடுக்குது.

ஹில்லா சொன்னா, "சரி."

சரின்னு சொல்லிட்டுத் தட்ட எடுத்துட்டுப் போயிட்டா. டப். கதவு சாத்தியாச்சு.

கோதை நிக்கிறா. "இப்ப வந்து மறுக்காக் கேப்பா"ன்னு நிக்கிறா. டம்ளர்ல தண்ணி புடிச்சா. குடிச்சா. மறுக்காப் புடிச்சா. மறுக்காக் குடிச்சா. வயிறு தண்ணியில தளும்புது, ஹில்லா வரவே இல்ல.

"அய்யோ! வந்து கேக்கவே இல்லையா?"

எப்படிக் கேப்பா? அவங்கம்மா சொல்லியிருக்காங்களே. அந்தப் பக்கம் ஹில்லா பன்னக் கையில வெச்சுட்டு, "கோதைக்கு என்னையப் புடிக்கல போல இருக்குது"ன்னு உக்காந்திருக்கா. இந்தப் பக்கம் கோதை, "ஒப்புக்குத்தான் கேட்டிருக்கா. மனசாரக் கேட்டிருந்தா மறுக்காக் கேட்டிருப்பாளே"ன்னு படுத்திருக்கா. ஒரு தட்டுப் பன்னு. இதுக்கு ரெண்டு பேரு அழுகணுமா? எனக்குக் கோவம் கோவமா வருது அம்மிணி.

"ம்."

அப்புறம் பனிக்காலம் வந்துச்சு. மதியம் சாப்புட்டுக் கை கழுவறதுக்குள்ள இருட்டிரும். ஆறு கொஞ்சங் கொஞ்சமா ஒறஞ்சுது. மொதல்ல ஓரமா, பால்ல ஏடு கட்டற மாதிரி. அப்புறம் நடுவுல. அப்புறம் மொத்தமா மூடிருச்சு. பொசுபொசுபொசுன்னு பனி கொட்டுது. நடந்தா கறுக் முறுக், கறுக் முறுக். டுடுடுடு படகு கூட ஐஸு கெட்டியாக் கட்டுன நாள்ல சத்தமில்லாம நின்னுருச்சு.

அப்போ கிறிஸ்மஸ் வந்துச்சு. நமக்குத் தீவாளி மாதிரி அவங்களுக்கு. எல்லாப் புள்ளைங்களும் ஊருக்குப் போயிருவாங்க. ஹில்லாவும் பொட்டி கட்டறா. கட்டிட்டே கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாக்கறா, நீ ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் பேசிப் பாத்தயே அந்த மாதிரி. நாலு வார்த்தைதான். ஆனா அவளுக்கு அது மலை. நாள் பூராப் பேசிப் பாத்துட்டு, கடைசியில வந்து கோதை கதவத் தட்டுனா. டொக் டொக்.

"எங்க வீட்டுக்கு வர்றியா? கிறிஸ்மஸுக்கு. எங்கம்மா உனக்குக் கட்டில் போட்டு வெச்சிருக்காங்க."

கோதைக்கு நெஞ்சே நெறஞ்சு போச்சு. ஓடிப் போயி அவளக் கட்டிக்கலாமான்னு இருக்குது. போ, கோதை, போயித் தொலை, ஆமான்னு சொல்லித் தொலை! சொன்னாளா?

"வேண்டாம்னா!"

அதேதான் சொன்னா. "ஐயோ, வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னா. சொல்லிட்டு அவ மூஞ்சியவே பாக்கறா. இதென்ன பன்னா? வீட்டுக்குக் கூப்புடறா. இதையாச்சும் மறுக்காக் கேப்பாளில்ல?

ஹில்லா மூஞ்சி செவந்து போச்சு. "சரி"ன்னா. மெல்லமாத்தான் சொன்னா. பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. கறுக் முறுக், கறுக் முறுக். பனியில சத்தம் தேஞ்சு போச்சு.

கிறிஸ்மஸுக்கு மொத நாளு சாயங்காலம் ஊரே அடங்கிருச்சு. கடை இல்ல, பஸ்ஸு இல்ல, தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒவ்வொரு சன்னல்லயும் வெளக்கு. எல்லா வெளக்குக்குப் பின்னாலயும் சனம் உக்காந்து சாப்புடுது. கோதை தயிர்ச் சோத்தப் பெசஞ்சா, ஊறுகாயத் தொட்டா, எறங்கல. ரூம்ல இருக்க முடியாம வெளிய வந்தா. அந்த நாட்டுல ஒரு பழக்கம், அன்னைக்குச் செத்துப்போனவங்க சமாதிக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துவாங்க. கோதை அந்தப் பக்கமா நடந்தா. பனி மேல எங்க பாத்தாலும் வெளக்கு, மினுக் மினுக்னு. அப்பன், ஆயி, பேரன், பேத்தின்னு வந்து நின்னு ஏத்திட்டுப் போறாங்க.

செத்தவங்களக்கூட அன்னைக்கு வந்து பாத்தாங்க கண்ணு. கோதைய வந்து பாக்கத்தான் ஒருத்தர் இல்ல.

"..."

தூங்கிட்டியா?

"இல்ல. பாவம் அத்தை."

பாவந்தான். அங்க, நெம்ப தூரத்துல, ஹில்லாவோட அம்மா போட்டு வெச்ச கட்டில மறுபடி மடிச்சு, கதவுக்குப் பின்னால சாத்தி வெச்சாங்க. அதுவும் பாவந்தான்.

அப்புறம் என்னாச்சு? அப்புறம் வசந்தம் வந்துச்சு. ஒரு நாளு காலையில ஆத்துல இருந்து சத்தம். கடக்! மொடக்! சர்ர்ர்ர்! என்னன்னு பாத்தா ஐஸு ஒடையுது. பெரிய பெரிய பாளமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, முட்டி, கரையோரம் மோதிட்டுப் போகுது. அப்புறம் தண்ணி தெரிஞ்சுது. டுடுடுடு படகு வந்துச்சு. மரத்துல பச்சை துளிர் விட்டுச்சு. சைக்கிள் மறுபடி கிணிங் கிணிங்.

மே மாசம் பொறக்கறப்ப அந்த ஊர்ல ஒரு திருநாள். பெரியவங்க, சின்னவங்க, பள்ளிக்கூடத்துல பெரிய பரிச்சை பாஸானவங்க எல்லாரும் வெள்ளைத் தொப்பி போட்டுட்டு வெளிய வந்துருவாங்க. காலேஜ் புள்ளைங்க செவப்பு, பச்சை, ஊதான்னு மெக்கானிக் போடற மாதிரி சட்டையும் காலும் ஒண்ணாத் தெச்ச உடுப்பப் போட்டுட்டு, ஆத்துக்குப் பக்கத்துல இருக்கற குன்று மேல போயி சமுக்காளம் விரிச்சு உக்காந்துக்கும். தின்னு, பாடி, ஆடி, ஒரே கும்மாளம்.

ஹில்லா இனிமே கேக்கவே கூடாதுன்னுதான் இருந்தா. ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னவகிட்ட மூணாந்தடவ போயி நிக்கிறதுன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? ஆனா அன்னைக்கு வெயிலு வந்துச்சு பாரு, மனசு கேக்கல. வெள்ளைத் தொப்பி போட்டுட்டு வந்து நின்னா.

"கோதை, மலைக்கு வந்து என்கூட உக்காருவியா?"

கோதை இந்தத் தடவ ஆமான்னு சொல்லிரோணும்னு வாயத் தொறந்தா. தொறந்த வாயில இருந்து என்ன வந்துச்சு? "இல்ல, பரவால்ல, நீ போ." தானா வருது! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா. "கேளு, கேளு, ஒரே ஒரு தடவ கேளு"ன்னு மனசுக்குள்ள கும்புடறா.

ஹில்லா, "சரி."

போயிட்டா.

"கோதை சரியான லூசு."

அப்படிச் சொல்லாத. நீ பெரிய மாமா வீட்டுல ஜாங்கிரி வேண்டாம்னு சொல்லிட்டு, கார்ல வர்றப்பத் தேம்பித் தேம்பி அழுதயே, மறந்துட்டயா?

"அது... ம்."

ம். அப்போ கோதை ஆத்தங்கரையில போயி உக்காந்து அழுதா. அங்க கட்டிப்போட்ட படகு ஓட்டல் ஒண்ணுல நம்ம சேலத்துக்காரர் ஒருத்தர் சமையல் பண்ணிட்டிருந்தார். செங்கோடண்ணன். பல வருசமா அங்கயே இருக்கற மனுசன். வெங்காயத் தோலக் கொட்ட வந்தவரு தமிழ்ல அழுகற சத்தம் கேட்டு நின்னுட்டாரு.

"தமிழ்ல எப்படி அழுவாங்க?"

அம்மான்னு. சொன்னா முழுசாக் கேளு.

கோதை மூணு சங்கதியும் சொன்னா. செங்கோடண்ணன் கேட்டுட்டுத் தலைல அடிச்சுக்கிட்டாரு. "அட புள்ள! இங்க ஒரு தடவதான் கேப்பாங்க. மறுக்காக் கேட்டா தொந்தரவும்பாங்க. வேணும்னா வேணும்னு சொல்லோணும். நீயும் யாரையாச்சும் கூப்புட்டா ஒரு தடவ கேளு, வேண்டாம்னா கம்முன்னு விட்டுரு. அதான் இங்க மரியாதை."

கோதைக்கு அப்பத்தான் புரிஞ்சுது. பன்னு, கட்டிலு, குன்று, எல்லாம் நெனச்சு நெனச்சுக் குமுறுனா. கண் கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம். "இனிமே இந்த ஊரு மரியாதைப்படிதான் நடப்பேன்"னு மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டா.

சரி, இத்தோட அந்த மனுசன் வாய மூடிட்டு இருந்திருக்கலாமில்ல? அப்புறம் ஒரு நாளு ஹில்லா அதே ஓட்டலுக்குப் போயி சூப்பு வாங்குனா. செங்கோடண்ணனப் பாத்தவொடனே கேட்டா, "நீங்க கோதை நாடுதானே? அவளுக்கு ஏன் என்னையப் புடிக்கல? எது கேட்டாலும் வேண்டாம்ங்கறா."

செங்கோடண்ணன் சிரிச்சுட்டுச் சொன்னாரு. "புடிக்காம இல்லம்மா. எங்க ஊர்ல மொதத் தடவ வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதை. மறுக்கா, மறுக்காக் கேக்கோணும். உன்னையக் கூப்புட்டாலும் நீ மொதல்ல வேண்டாம்னு சொல்லிப் பாரு, அவ விடாமக் கூப்புடுவா. அதுதான் எங்க பாசம்."

ரெண்டு பேருக்கும் நல்லதுதான் சொன்னாரு. ஆனா இவகிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லல, அவகிட்டச் சொன்னத இவகிட்டச் சொல்லல. அடுப்புல என்னமோ கருகுதுன்னு உள்ள ஓடிட்டாரு. அந்த மனுசன் மட்டும் எங்கையில கெடைச்சான்னு வை...

"கோவப்படாத அத்தை. அப்புறம்?"

அப்புறம் ஹில்லாவும் மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டா. "இனிமே கோதை ஊரு மரியாதைப்படிதான் நடப்பேன்"னு.

அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பரிச்சை வந்துருச்சு. ஒருத்தி வெளிய போறப்ப ஒருத்தி தூங்குவா. அப்படியே வெயக்காலம் வந்துருச்சு. அந்த ஊர்ல வெயக்காலத்துல பொழுதே போகாது கண்ணு. நீ படுக்கப் போற நேரத்துல வெளிய பட்டப் பகலாட்ட வெளிச்சம். ஆறு பளபளன்னு கெடக்குது. கரை பூரா சனம். அப்போ ஹில்லாவுக்குப் படிப்பு முடிஞ்சுது. அவ ஊருப் பக்கத்துலயே வேலை கெடைச்சுது. மொத்தமாக் காலி பண்ணிட்டுப் போறா.

அவ கெளம்பற அன்னைக்குக் காலையில கோதை தலைக்குத் தண்ணி ஊத்திட்டு அடுப்பப் பத்த வெச்சா. அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு நம்மூரு அரிசிம்பருப்பு செஞ்சா. சின்ன வெங்காயம் அங்க கெடைக்காது, பெரிய வெங்காயத்தையே பொடிசா அரிஞ்சா. கடுகு பட பட படன்னு. சீரகம் சுர்ர்ர்னு. அம்மா குடுத்தனுப்புன நெய்யி, வருசம் பூராத் தொட்டுத் தொட்டு மிச்சம் புடிச்சு வெச்சிருந்த அடி நெய்யி, அதையும் வழிச்சு ஊத்துனா. ரெண்டு தட்டு எடுத்து வெச்சா.

ஹில்லா ரூம்ல இருந்து வந்தா. பொட்டிச் சக்கரம் கடகடகடகடன்னு. ஷூ மாட்டிட்டா. வாசம் வந்து மூக்குல ஏறுச்சு. அவ காலையில ஒண்ணும் திங்கல.

கோதை கரண்டியக் கீழ வெச்சா. அந்த ஊரு மரியாதைப்படி, ஒரே ஒரு தடவ, தெளிவாக் கேட்டா.

"ஹில்லா, சாப்புட்டுட்டுப் போறியா?"

ஹில்லாவுக்கு அழுகையே வந்துருச்சு. வருசம் பூரா இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்துட்டிருந்தா. ஆமா, ஆமான்னு மனசு குதிக்குது. ஆனா செங்கோடண்ணன் சொல்லியிருக்காரே. கோதை ஊரு மரியாதை. அதனால சிரிச்சுட்டு, அழகாச் சொன்னா.

"வேண்டாம், பரவால்ல. உனக்கு எதுக்குச் சிரமம்."

"அய்யோ! மறுக்காக் கேளு!"

மெதுவா, மெதுவா. பக்கத்து வீட்டுக்காரங்க எந்திரிச்சு வந்துருவாங்க.

"கேக்கச் சொல்லு அத்தை!"

நான் இங்கிருந்து எப்படிச் சாமி சொல்லுவேன்?

ஹில்லா அங்கயேதான் நின்னா. அந்த ஊர்ல ஷூவோட வீட்டுக்குள்ள நடக்க மாட்டாங்க. அவ ஷூ மாட்டியிருந்தாளே தவிர, கயித்தக் கட்டல. ரெண்டு கயிறும் தரையில கெடக்குது. கோதை மறுக்காக் கேட்டா ஒரே ஒதறுல கழட்டிப்போட்டு வந்து உக்காந்துரலாம்னு. கோதை கீழ பாத்திருந்தா அந்தக் கயிறு கண்ணுல பட்டிருக்கும். ஆனா அவ கண்ணு பூராத் தண்ணி. தண்ணிக்குள்ள இருந்து என்ன தெரியும்?

கோதை சொன்னா, "சரி."

ஹில்லா குனிஞ்சு கயித்தக் கட்டுனா. மெல்லமாக் கட்டுனா. அவுத்துட்டு மறுக்காக் கட்டுனா. அப்புறம் படியில எறங்குனா. பொட்டி டொம்... டொம்... டொம்.

படகு வந்து நின்னுச்சு. ஏறுனா. டுடுடுடு... நடு ஆத்துல இருந்து திரும்பி சன்னலப் பாத்தா. கோதை சன்னல்லதான் நின்னா. ஆனா, "பாத்துட்டே நின்னா தொந்தரவா நெனப்பாளோ"ன்னு தெரைக்குப் பின்னால நவுந்துக்கிட்டா. படகு அந்தக் கரைக்குப் போயிருச்சு.

பொழுதோட செங்கோடண்ணன் ஊருல இருந்து வந்த கருவேப்பிலைப் பொடி குடுக்க வந்தாரு. ரெண்டு தட்டு அப்படியே இருக்குது. சோறு ஆறி, நெய்யி ஒறஞ்சு கெடக்குது. என்னாச்சு புள்ளைன்னு கேட்டாரு. கோதை சொன்னா. அந்தாளு அப்படியே உக்காந்துட்டாரு. "அய்யோ புள்ள. அந்தப் பொண்ணுக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்லிக் குடுத்ததே நான்தான்"னாரு.

கோதை செருப்புக்கூட மாட்டாம எறங்கி ஓடுனா. படகு அந்தப் பக்கம் இருக்குது. வந்துச்சு. ஏறுனா. அந்தக் கரையில எறங்கி நின்னா. எங்கன்னு ஓடுவா? ரயிலு எப்பவோ போயிருச்சு.

"போன் பண்ணலாமில்ல?"

பண்ணுனா. கரையில நின்னுட்டே பண்ணுனா. நீ நெனக்கிற மாதிரி ரெண்டும் சிரிச்சுதுங்க. அப்படிச் சிரிச்சுதுங்க. அப்புறம் அழுதுதுங்க. ஹில்லா கேட்டா, "அதுக்கு என்ன பேரு, நீ செஞ்சயே, அந்தச் சோத்துக்கு?" கோதை சொன்னா, "அரிசிம்பருப்பு." ஹில்லாவுக்கு வாயில நொழையல. இன்னொருக்கா சொல்லுன்னு கேட்டா. சொன்னா. இன்னொருக்கான்னா. சொன்னா.

"அப்ப சிநேகிதி ஆயிட்டாங்க!"

ஆயிட்டாங்க. ஆனா எப்ப ஆனாங்க? ரயிலு போனதுக்கு அப்புறம். கோதை அடுத்த மாசம் நம்ம ஊருக்கே திரும்பிட்டா. அவ அந்தக் கோடி, இவ இந்தக் கோடி. பேசுவாங்க, பண்டிகைன்னா போட்டோ அனுப்புவாங்க. ஆனா அந்த மஞ்ச எலை, அந்தப் பனி, அந்த ஐஸு ஒடைஞ்ச சத்தம், எல்லாம் ஒரே செவுத்துக்கு ரெண்டு பக்கம் படுத்துட்டுத் தனித்தனியாக் கேட்டதுதானே? அந்த வருசத்த இப்ப யாரு கொண்டாந்து குடுப்பாங்க? போன்ல பேசலாம். போன்ல சோறு போட முடியுமா சாமி?

எனக்கு இந்தக் கதைய முடிக்கறப்ப எல்லாம் அந்த ஷூக் கயிறுதான் கண்ணுல நிக்குது. கொஞ்சம் குனிஞ்சு பாத்திருக்கலாம். இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. என்னமோ போ.

அங்க ஆறு இன்னும் அப்படியேதான் போகுது. அந்த ரெண்டு ரூம்ல இப்ப வேற ரெண்டு புள்ளைங்க இருக்கும். அதுங்களாச்சும் பேசிக்கட்டும்.

என்ன முழிச்சுட்டே இருக்கற? பாலு ஆறிருச்சு. குடிக்கிறியா?

"வேண்டாம்."

குடிக்கிறியா?

"வேண்டாம் அத்தை."

இந்தா, எந்திரிச்சு உக்காரு. மூணாந்தடவ கேக்கறேன். குடிக்கிறியா?

"...கொஞ்சூண்டு."

அப்படி வா. மெல்லமாக் குடி. பால் மீசையத் தொடை. படு.

கதை ஆத்தோட போச்சாம், படகு அக்கரை போச்சாம், பாலு வயித்துக்குள்ள போச்சாம். கண்ணு ரெண்டும் மூடட்டும், தூங்கு சாமி.